ஆறு கால் உள்ளதை வாங்கு

மகனே,

நீ கேட்டது என்னிடம் அல்ல, உன் அம்மாவிடம். போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை ஒழியாததால் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்திருந்தாள். நான் உள்ளே கண்ணாடி முன்னால் முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். வேலையை விட்டுவிட்டு நீயும் உன் மனைவியும் ஆறு மாதம் வண்டியிலேயே நாடு சுற்றப் புறப்படுகிறீர்கள் என்பதும், அதற்காக நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்பதும், அது இப்போது தூத்துக்குடியில் உன் மாமனார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதும் எனக்கு அப்படித்தான் தெரியவந்தன. ஒரு தகப்பனுக்குச் சேதி வரவேண்டிய வழி அதுவல்ல. இருக்கட்டும். இந்தக் கடிதத்தில் உன்மேல் குறை சொல்வதில்லை என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே ஒன்று சொல்லியாகிவிட்டது.

"மேல ஒரு ரூஃப் ரேக் மாட்டணும்மா. நெட்டுல பாத்தா நூறு தினுசு கெடக்கு. எது பலமா இருக்கும்னே தெரியல" என்றாய்.

"அப்பாட்ட கேளேன். அவுகளுக்குத் தெரியாததா?" என்றாள் அவள்.

நீ சொன்னாய்: "அவுகட்ட எதுக்கு? நான் கெட்டுனா நிக்காதும்பாக. அது நெசந்தானம்மா, எனக்கும் கயித்துக்கும் ஆகாது. சாமான் ஏத்த இவ அப்பாவ வரச் சொல்லியிருக்கேன். கடல்ல போட் ஓட்டுதவரு, ஒரே இழுப்புல முடிச்சுருவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். உன் அம்மாவும் சிரித்தாள். நுரை முகத்தில் காய்ந்து தோலை இழுக்கிறவரை நான் அங்கேயே நின்றேன்.

களக்காட்டில் உன் அத்தை வீட்டுத் தெருவில் நடந்ததை நீ எனக்கு எதிராக மனதில் வைத்திருக்கிறாய் என்றுதான் இந்தப் பதினோரு வருடமும் நினைத்திருந்தேன். நான் அப்படிப்பட்டவன். என்னை ஒரு வார்த்தை சொன்னவன் எந்த இடத்தில், எந்தச் சட்டை போட்டுக்கொண்டு நின்று சொன்னான் என்பதை இருபது வருடம் கழித்தும் சொல்வேன். என் பிள்ளையும் அப்படித்தான் இருப்பான் என்று எடுத்துக்கொண்டேன். நீ என்னிடம் பேச்சைக் குறைத்ததையும், வெளியூர்க் கல்லூரியாகப் பார்த்துச் சேர்ந்ததையும், வருடத்துக்கு இரண்டு நாள் வந்துவிட்டு மூன்றாம் நாள் காலையில் பையைத் தூக்கியதையும் அதோடு சேர்த்தே பார்த்தேன். 'சரி, அவன் கோபம் அவனுக்கு, என் கோபம் எனக்கு' என்று இருந்துவிட்டேன். ஆனால் போனில் கேட்ட அந்தச் சிரிப்பில் கோபம் ஒரு துளி இல்லை. அன்றைக்கு நான் சொன்னதை நீ நம்பியிருக்கிறாய். பதினேழு வயதில் நம்பினாய், இருபத்தெட்டு வயதிலும் நம்பிக்கொண்டிருக்கிறாய். அது பொய். அன்றைக்கு உன் முடிச்சு அவிழவில்லை. என் கேரியர்தான் பெயர்ந்தது. நீ புறப்படுவதற்குள் அது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். நீ ரூஃப் ரேக் என்பதை இங்கே கேரியர் என்போம். முப்பது வருடமாகப் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் நடத்துகிறேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன் துறைத்தலைவர் ஆகிவிட்டான். ஒரு போல்ட்டை எந்தப் பக்கம் திருகினால் இறுகும் என்பதில் அவனுக்கு இன்னும் சந்தேகம் உண்டு. அது வேறு கதை. கடைக்காரன் கேரியரைத் தட்டிக்காட்டி, இவ்வளவு கிலோ தாங்கும் என்பான். கேரியர் தாங்கும், உன் கூரை தாங்குமா என்று கேள். வண்டியோடு வந்த கையேட்டில் கூரைமேல் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். பழைய வண்டி, கையேடு தொலைந்துபோனது என்றால் தேடி எடு. அதுதான் எல்லை. அதில் கேரியரின் சொந்த எடையைக் கழித்துக்கொள்; பெரும்பாலோர் மறப்பது இதைத்தான். மிச்சம்தான் உன் சாமானுக்கு. அதுவும் தார் ரோட்டுக்கு. மண்ணிலும் பாறையிலும் போவதானால் இன்னும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள். வண்டி நிற்கும்போது அதே கூரை, மேலே கூடாரம் விரித்து இரண்டு பேர் படுத்தாலும் தாங்கும். ஓடும்போது தாங்காது. குழியில் இறங்கி ஏறுகிற நொடியில் ஒரு மூட்டை இரண்டு மூட்டையாகிவிடும்.

அடுத்து, இரும்பா அலுமினியமா. இரும்பு கனம், மழையில் துருப்பிடிக்கும், ஆனால் எந்தச் சிற்றூரிலும் ஒரு வெல்டிங் பட்டறை இருக்கும், உடைந்தால் ஒட்டிக்கொடுத்துவிடுவான். அலுமினியம் பாதி எடைகூட இருக்காது, துரு கிடையாது, உடைந்தால் வழியில் ஒட்டுவதற்கு ஆள் கிடைக்க மாட்டான், ஒட்டினாலும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் பலம் போய்விடும். உன் வண்டியின் கூரைக்கு எடை மிச்சம் பிடிப்பதுதான் முக்கியம் என்பதால் நான் அலுமினியம் என்பேன். ஆனால் பற்றவைத்து வருவதை வாங்காதே. சட்டங்களைப் போல்ட் போட்டு இணைத்ததாகப் பார். அலையலையாகக் கிடக்கும் மண் ரோட்டில் மணிக்கணக்காக அதிர்ந்தால் முதலில் விரிசல் விடுவது பற்றவைத்த மூலைதான். இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் நடுவே ஒரு நைலான் வாஷர் வை, கொஞ்சம் கிரீஸும் தடவு. நீ கடற்கரை ஊரிலிருந்து புறப்படுகிறாய்; உப்புக்காற்று இரண்டையும் ஒன்றாகத் தின்றுவிடும். இதெல்லாம் எந்தக் கடையிலும் சொல்லக்கூடியதுதான். கேரியரைக் கூரையோடு பிடித்து நிறுத்துகிற கால்களைப் பற்றி மட்டும் நான்தான் சொல்ல வேண்டும். ஆறு கால் உள்ளதை வாங்கு. நாலு கால் போதும் என்று எவன் சொன்னாலும் நம்பாதே, அவன் எவ்வளவு படித்தவனாக இருந்தாலும். அப்படிச் சொன்ன ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

நம் ஜீப் உனக்கு நினைவிருக்கும். அரசாங்க ஏலத்தில் எடுத்தது, தகரக் கூரை போட்டது. உன் தாத்தா காலமாகி, பண்டிகை இல்லாமல் ஒரு வருடம் கழிந்து, அடுத்த பொங்கல் வந்தது. இதை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொங்கல்தோறும் பிறந்த வீட்டிலிருந்து படி போக வேண்டும். கரும்புக்கட்டு, வாழைத்தார், மஞ்சள்குலை, பனங்கிழங்கு, பச்சரிசி, காய்கறி, வசதி இருந்தால் ஒரு வெண்கலப் பானை. தகப்பன் இருக்கிறவரை தகப்பன் கொண்டுபோவார். அவருக்குப் பிறகு உடன்பிறந்தவன். வாழை விளைகிற களக்காட்டுக்குத் திருநெல்வேலியிலிருந்து வாழைத்தார் போவதில் ஒரு நியாயமும் இல்லை; நியாயத்துக்காகப் போவதும் இல்லை. அக்காவின் தெரு பார்ப்பதற்காகப் போகிறது. தாத்தாவின் வருடத் திதியில், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே அக்கா வீட்டுக்காரரான உன் மாமா என் காதில் விழும்படி சொன்னார்: "இனிமே படி எங்கருந்து வரப்போவுது? மாப்ள படிச்சவரு. படியெல்லாம் மூடத்தனம்பாரு." வெள்ளைச் சட்டை, இடது கையில் கடிகாரம். பார்த்தாயா, சொன்னேன் அல்லவா.

அந்த ஒரு பேச்சுக்காகத்தான் கேரியர். ஜீப்பின் பின்பக்கம் அத்தனையும் அடங்கும். ஆனால் உள்ளே வைத்தால் தெருவுக்குத் தெரியாது. வரைபடத்தாளில் நானே வரைந்து, பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். கூரையோரத்தில் மழைநீர் ஓடுவதற்கு இருக்கும் தகரக் காடியில் கவ்வி நிற்கும்படி நாலு கால். பட்டறைக்கார பாய் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், நாலு பத்தாது. ஆறு வைங்க. ஒவ்வொரு காலுக்கும் முன்னால இந்தா, இப்பிடி ஒரு முக்கோணத் தகடு இருக்கட்டும்" என்று சொல்லி, ஒரு காலுக்குத் தகட்டைப் பற்றவைத்தும் காட்டினார்.

"கணக்குப் போட்டுத்தாம்வே கொண்டாந்திருக்கேன். நாலே அதிகம். அந்தத் தகடு கொக்குக்குக் கோவணம் கெட்டுன மாதிரி இருக்கு. எடுத்துரும்."

"மேலருந்து கீழ அமுக்குததுக்குக் கணக்கு சரிதான் சார். பிரேக்குப் போட்டா மொத்தமா முன்னால ஓடப் பாக்குமே, அதுக்குக் கணக்கு எங்க?"

"பாய், நான் பாடம் எடுக்குதவன்."

"பாடம் நீங்க எடுங்க சார், வேண்டாங்கல. நான் கேரியரு எடுக்குதவன். போன மாசம் மட்டும் மூணு எடுத்தேன், ரோட்டுலருந்து."

பட்டறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காகவே தகட்டை அறுத்து எடுக்கச் சொன்னேன். நான் மறந்தது என்ன தெரியுமா? இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு முதல் வாரத்தில் நடத்துகிற பாடம். ஓடுகிற பொருள் நின்றால் அதன்மேல் உள்ளது நிற்க விரும்பாது. கீழ்நோக்கி அழுத்தும் எடையை மட்டும் எழுதி, முன்னோக்கித் தள்ளுகிற விசையை எழுதாமல் விட்டேன். ஒரு பையன் தேர்வில் அப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் சாமான் ஏற்றினோம். உன் அம்மா கேட்டாள், "அரிசி மூட்டையவும் பானையவும் உள்ள வைங்களேன். எதுக்கு அம்புட்டையும் தலைமேல ஏத்துதீக?"

"உள்ள வச்சா எவன் பாப்பான்?" என்றேன்.

ஆகவே கனமானதெல்லாம் மேலே போனது, பின்பக்கம் காலியாகக் கிடந்தது. நீ கூரைமேல் ஏறி நின்று கட்டினாய். சந்தையில் வாழைத்தார் லாரிக்குச் சுமை ஏற்றுகிறவர்களிடம் போய் நின்று பழகிக்கொண்டுவந்த முடிச்சு. ஒரு கண்ணியை முறுக்கி, அதற்குள் கயிற்றை விட்டு, உன் முழு எடையையும் கொடுத்துக் கீழ்நோக்கி இழுத்தாய்; கயிறு வீணைத் தந்தி மாதிரி நின்றது. நான் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் "ம்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வாழ்நாளில் சொல்லாமல் விட்ட வார்த்தைகளில் எதைத் திரும்பப் போய்ச் சொல்லலாம் என்று எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தால், அந்த ஜீப்புக்குப் பக்கத்தில்தான் போய் நிற்பேன்.

பத்தமடை, சேரன்மகாதேவி தாண்டிப் போனோம். வயலெல்லாம் பிசானப் பருவத்து நெல் கதிர்வாங்கி நின்றது. ரோட்டில் எதிரே வந்தவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். ஒரு டீக்கடையில், "யாரு வீட்டுப் படி அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்டபோது எனக்கு உடம்பே இரண்டு அங்குலம் உயர்ந்தது. அந்த உயரத்தோடுதான் அத்தையின் தெருவுக்குள் திரும்பினேன். தெரு முழுக்கக் கோலம். உன் மாமா வாசலில் நாலு பேரோடு நின்றிருந்தார். அவர் பார்க்கட்டும் என்று தேவைக்கு மேல் வேகமாகப் போனேன். குறுக்கே ஓர் ஆட்டுக்குட்டி பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். தலைக்குமேல் ஒரு கிறீச்சிடல். கேரியர் சாமானோடு சேர்ந்து முன்னால் வழுக்கி, பானெட்டில் இடித்து, கோலத்தின்மேல் போய் விழுந்தது. 'சாமானோடு சேர்ந்து' என்பதைக் கவனி. கரும்பு முறிந்தது, பானை நசுங்கியது, அரிசி மூட்டை வாய் பிளந்தது. ஆனால் எல்லாம் கேரியரோடு கட்டியபடியே கிடந்தன.

"ஏன் மாப்ள, படிய வாசல்லல்லா எறக்கணும்? நடுத்தெருவுலயே எறக்கிட்டீகளே!" என்றார் உன் மாமா. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி, "கரும்பு நெடுஞ்சாங்கெடையா விழுந்து கும்புடுதுக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். மாமா கேட்டார், "யாரு கெட்டுனது?"

வண்டியை விட்டு இறங்கும்போதே நான் பார்த்துவிட்டேன். இடது முன்னங்கால் முறிந்திருந்தது, சரியாகத் தகட்டை அறுத்து எடுத்த இடத்தில். மற்ற மூன்றும் காடியிலிருந்து உருவிக்கொண்டு வந்திருந்தன. உண்மை அங்கே தெருவில் கிடந்தது. குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் உன்னைக் கை காட்டினேன். "இந்தா நிக்கானே, இவந்தான். கெட்டத் தெரியலன்னா சொல்லித் தொலைக்கணும்லா? ஏலே, நீ கெட்டுனா எதுதாம்லே நிக்கும்?"

நீ அத்தையோடு குனிந்து தெருவில் அரிசி அள்ளத் தொடங்கினாய். அந்த நேரத்தில் நான் செய்தது உனக்குத் தெரியாது. வாசலில் தேங்காய் உரிக்க வைத்திருந்த அரிவாளை எடுத்து, வழியை அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டே, உன் கயிற்றை நாலு இடத்தில் அறுத்தேன். அவிழ்க்கலாம் என்று முயன்றிருந்தால் என்னால் முடிந்திருக்காது, அவ்வளவு இறுக்கம். அறுத்ததும் எல்லாம் உருண்டு சிதறியது. அதற்குப் பிறகு பார்த்தவர்களுக்குக் கயிறு அறுந்து விழுந்த மாதிரியே இருந்தது. நீயும் அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாய். ஒரு துண்டுக் கயிற்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே போட்டாய். இரண்டு நாளில் கேரியரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

அன்றைக்கு மாமாவோடு மூண்ட சண்டையில் நான் அந்த வாசலைத் தாண்டுவதில்லை என்று வந்துவிட்டேன். படியை உன் அம்மா பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவருகிறாள், இரண்டு பையில், மடியில் வைத்து. ஜீப்பையும் விற்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் குறுக்குத்துறைப் பக்கம் போனால், எவனாவது ஆற்றங்கரையில் வண்டி கழுவிக்கொண்டிருப்பான். சின்னப் பிள்ளையாக நீ நம் ஜீப்பின் கூரைமேல் ஏறி உட்கார்ந்து, "அப்பா, இங்கன கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்று கத்துவது எனக்குக் கேட்கும். நான் ஊற்றுவேன், தண்ணீர் கூரையில் ஓடி உன் டிராயரை நனைத்து என் தலையில் வழியும். இருவரும் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அப்படி இருந்தோம் என்பதை இப்போது வேறு யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டார்கள், என்னைத் தெரிந்தவர்கள் முக்கியமாக. இந்த ஒரு வாரமாக நீ போகக்கூடிய வழிகளைப் போன் வரைபடத்தில் தேடித் தேடிப் பார்க்கிறேன். தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகிற சாலை திருநெல்வேலியைத் தொடுவதில்லை. இதற்கு முன்பும் எனக்கு அது தெரியும். ஆனாலும் விரலால் இழுத்து இழுத்து, இந்தப் பக்கம் ஒரு வளைவு வராதா என்று பார்க்கிறேன்.

புதன்கிழமை களக்காட்டுக்குப் பஸ் ஏறினேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு. அக்கா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் கேட்டாள், "ஏலே, யாரு செத்துட்டா?"

"யாரும் சாகல. வந்தேன்" என்றேன்.

"பின்ன எதுக்கு வந்த? உள்ள வா, பைய வா, தலைல நெல தட்டும்."

மாமா கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அவர் முன்னாலேயே சொன்னேன். நாலு கால், தகடு, முறிந்த இடம், அரிவாள், எல்லாம். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே கேட்டுவிட்டு, "இதச் சொல்லவா மாப்ள இந்த வெயில்ல வந்தீக? நான் அத அன்னைக்கே மறந்துட்டேம்லா" என்றார். உண்மையாகவே மறந்திருக்கிறார்; எந்த வருடம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. வருடத் திதியில் அவர் சொன்னதையும் நினைவுபடுத்தினேன். "அப்படியா சொன்னேன்? சும்மா வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பேன்" என்றார். என் பதினோரு வருடத்து விரோதத்தைத் தூக்கிச் சுமந்தது நான் ஒருவன் மட்டும்தான். எதிர்ப்பக்கத்தில் ஆளே இல்லை.

அக்கா சிரிக்கவில்லை. "ஏலே, ஒம் மவன் இங்க வந்தாம்னா, நான் குடுக்குத வாழைத்தாரக்கூட பைக்குல கெட்ட மாட்டான், தெரியுமா? பஸ்ஸுல வாறப்ப வாங்கிக்கிடுதேன் அத்தம்பான். நான் கெட்டுனா விழுந்துரும் அத்தம்பான். வெளையாட்டுக்குச் சொல்லுதாம்னுல்லா நெனச்சேன். பச்சப்புள்ள தலைல தூக்கி வச்சிருக்கியேலே. இத ஏங்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுத? அவன்ட்ட சொல்லு. அன்னைக்கு எம்புட்டுச் சத்தமாச் சொன்னியோ அம்புட்டுச் சத்தமாச் சொல்லு."

அதனால்தான் உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பாமல், நாலு பேர் வாசிக்கிற இடத்தில் இதை எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு தெரு கேட்கச் சொன்னேன். இது அதைவிடக் கொஞ்சம் பெரிய தெருவாக இருக்கட்டும். உன் கட்டு நின்றது. விழுந்து, உருண்டு, இரும்பு முறிந்த பிறகும் நின்றது. அதைத் தோற்கடிக்க எனக்கு அரிவாள் தேவைப்பட்டது.

ஆகவே மிச்சத்தையும் கேட்டுக்கொள். கனமான எதையும் மேலே ஏற்றாதே. தண்ணீர்க் கேன், டீசல் கேன், ஸ்டெப்னி டயர், கருவிப் பெட்டி எல்லாம் உள்ளே, எவ்வளவு தாழ வைக்க முடியுமோ அவ்வளவு தாழ. கூரைக்குப் போக வேண்டியது இடத்தை அடைப்பது, ஆனால் எடை இல்லாதது: படுக்கை, கூடாரம், துணி. யார் பார்க்கிறார்கள் என்று யோசிக்காதே. கேரியர் மாட்டினால் வண்டியின் பதிவில் ஏதும் எழுத வேண்டுமா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். கேரியரோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, டிரைவர் கண்ணுக்கு நேரே எழுதி ஒட்டு. மரக்கிளையும் பெட்ரோல் பங்கின் கூரையும் உனக்காக எழுந்து நிற்காது. மாட்டிய பிறகு முதல் ஐம்பது கிலோமீட்டரில் நிறுத்தி எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்கு. கரடுமுரடான ரோடு முடிகிற ஒவ்வொரு நாளும் கை வைத்துப் பார். கட்டும்போது மேலிருந்து கீழே அழுத்துகிற கட்டு மட்டும் போதாது. முன்னும் பின்னும் ஓடாமல் இழுத்துப் பிடிக்கிற கட்டும் வேண்டும். இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்காதே. அதைக் கணக்கில் விட்டவனுக்கு அதன் அருமை தெரியும்.

உன் மாமனாரைப் பற்றி ஒன்று. உன் கல்யாணத்தன்று உன் மனைவி வீட்டாரின் தேவாலயத்தில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். அவர் எழுந்து வந்து, முன்னால் வாங்க என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டார். கால் வலிக்கிறது என்றேன். கால் வலிக்கவில்லை. நீ உன் மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தபோது, அந்தச் சிரிப்பைப் பின்னாலிருந்து பாதிதான் பார்க்க முடிந்தது. அவர் நல்ல மனிதர், கயிற்றை அறிந்தவர். ஆனாலும் இந்த ஒரு வேலையை அவரிடம் விடாதே. அவரை நாற்காலி போட்டு உட்காரச் சொல்லு. கூரைமேல் நீயே ஏறு, நீயே கட்டு. ஆறு மாதத்துக்குத் தினமும் அவிழ்த்துக் கட்ட வேண்டியவன் நீதான். மலை ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் 'நிற்குமா, நிற்குமா' என்று காதை மேலே வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணோடு பேசிக்கொண்டு ஓட்ட வேண்டும்.

இந்தக் காலத்தில் கயிறு வேண்டாம். அகலமான பட்டையாக வாங்கு, இறுக்குகிற கொக்கியோடு வருவது. அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவனாகக் கட்டினால் வண்டியைச் சுற்றிச் சுற்றி ஓட வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து பட்டையைத் தூக்கிப் போட்டால், மறுபக்கம் அதைப் பிடித்து, கேரியரின் சட்டத்துக்கடியில் விட்டு, திருப்பி எறிய ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பெரிய திறமை வேண்டாம். சொன்னபடி செய்கிறவனாக இருந்தால் போதும். நீங்கள் புறப்படுகிற நாளை அம்மாவிடம் சொல். முதல் பஸ்ஸில் தூத்துக்குடிக்கு வந்துவிடுகிறேன். வர வேண்டாம் என்றால் அதையும் அவளிடமே சொல். அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இருக்க முயல்வேன், முடியும் என்று உறுதி சொல்ல மாட்டேன். வந்தால், எப்படிக் கட்டுவது என்று வாயைத் திறக்க மாட்டேன். நீ இந்தப் பக்கம் நின்று பட்டையை எறி. அந்தப் பக்கம் நான் நிற்கிறேன்.

அப்பா